தூண்டல் மோட்டாரின் வைண்டிங் கெடுவதைக் கணிப்பதும் கண்டறிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் பராமரிப்பில் இருப்பவர்களும், இதே பொருளில் கணினி மாதிரி அமைக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பின்வரும் விடைகள் முன்னுள்ளவற்றைச் சுட்டிச் செல்வதால், முடிந்தவரை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. வைண்டிங் கெட்டுப்போகிறது என்கிறீர்கள். செம்புக் கம்பியில் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

செம்பு அநேகமாகக் கெடுவதில்லை. கெடுவது அதைச் சுற்றியுள்ள காப்பு. குறைந்த மின்னழுத்த மோட்டாரின் ஸ்டேட்டரில், அதாவது அசையாத பகுதியில், காப்பு மூன்று இடங்களில் வேலை செய்கிறது. ஒரே காயிலுக்குள் அடுத்தடுத்த சுற்றுகளைப் பிரிப்பது கம்பியின் எனாமல் பூச்சு. ஒரு பேஸின் காயிலை இன்னொரு பேஸின் காயிலிலிருந்து பிரிப்பது இடையில் செருகப்படும் தாள். காயிலை இரும்பு உள்ளகத்திலிருந்து பிரிப்பது, இரும்பின் பள்ளத்துக்குள் (ஸ்லாட்) விரிக்கப்படும் ஸ்லாட் தாள். இவை அனைத்தின் மேலும் வார்னிஷ் இறங்கி, கம்பிகள் அசையாதபடி பிடித்து வைக்கிறது. இவற்றுள் மிக மெல்லியது எனாமல். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான்.

சுழலும் பகுதியான கூண்டு ரோட்டாரில் காப்பு என்ற ஒன்றே வழக்கமாக இல்லை. அங்கே நிகழ்வது கம்பி முறிவு, அது வேறு கதை. இந்தப் பக்கம் ஸ்டேட்டரைப் பற்றியது மட்டுமே.

2. சூடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே, உண்மையா?

சூடு முதன்மையான காரணம், ஆனால் தனியாக அது மோட்டாரை எரிப்பது அரிது. வெப்பம், மின்னழுத்தத் தாக்குதல், சுற்றுச்சூழல், இயந்திர விசை என்ற நான்கும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் கொடுத்தே காப்பை வீழ்த்துகின்றன. வெப்பம் எனாமலையும் வார்னிஷையும் மொறுமொறுப்பாக்குகிறது. அதிர்வு அவற்றில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகிறது. ஈரமும் தூசும் எண்ணெய்ப்படலமும் அந்த விரிசல்களுக்குள் புகுகின்றன. ஒரு மின்னழுத்த எழுச்சி வந்து மீதியை முடித்து வைக்கிறது.

இயந்திர விசையைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது மின்னோட்டம் முழுச்சுமை அளவைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை பாய்கிறது. கம்பிகளுக்கிடையே உள்ள விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 6 மடங்கு மின்னோட்டம் என்றால் 36 மடங்கு விசை. ஸ்லாட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் தலைகள் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஒருமுறை துடித்து அடங்குகின்றன. ஒரு மணி நேரத்துக்குப் பலமுறை நின்று ஓடும் மோட்டார் சூடாகாமலே கூட எனாமல் உராய்ந்து கெடுவதற்கு இதுவே காரணம்.

3. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்ற கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒப்பிட நம்பலாம், தேதி குறிக்க நம்பக் கூடாது. 1930-இல் மான்ட்சிங்கர் டிரான்ஸ்பார்மர் காப்பை ஆராய்ந்து, ஏறத்தாழ 8 டிகிரி உயர்வுக்கு ஒருமுறை ஆயுள் பாதியாகிறது என்றார். 1948-இல் டேக்கின் இதை வேதிவினை வேகத்தோடு இணைத்து, அர்ரீனியஸ் சமன்பாட்டின் வடிவில் எழுதினார்: ஆயுளின் மடக்கை, தனி வெப்பநிலையின் தலைகீழுக்கு நேர்கோட்டில் அமையும். நாம் சொல்லும் பத்து டிகிரி விதி அந்தக் கோட்டின் ஒரு சிறு துண்டைத் தோராயமாகப் படிப்பதுதான்.

எஃப் வகுப்புக் காப்பு 155 டிகிரி என்பதைப் பலர் ‘அதுவரை ஒன்றும் ஆகாது’ என்று புரிந்துகொள்கிறார்கள். காப்புப் பொருள்களின் வெப்பக் குறியீடு வழக்கமாக 20,000 மணி நேர ஆயுளை வைத்தே குறிக்கப்படுகிறது. இடைவிடாமல் ஓடினால் அது இரண்டேகால் ஆண்டுக்குச் சற்று மேல். சுற்றுப்புறம் 40 டிகிரி, அனுமதித்த உயர்வு 105, மிகச் சூடான புள்ளிக்கு ஒதுக்கிய 10, ஆக 155. எஃப் வகுப்புக் காப்பைப் போட்டு, பி வகுப்பின் 80 டிகிரி உயர்வுக்குள் ஓட்டும் வழக்கம் இதனால்தான் வந்தது: 25 டிகிரி இடைவெளி ஆயுளை ஐந்து மடங்குக்கு மேல் நீட்டுகிறது. ஆனால் இந்தக் கணக்கில் இரண்டாம் விடையின் மற்ற மூன்று காரணங்களுக்கும் இடமே இல்லை.

4. மெகர் வைத்துப் பார்த்தோம், நன்றாகத்தான் காட்டியது. மறுநாளே மோட்டார் எரிந்துவிட்டது. மெகரில் கோளாறா?

காப்புத்தடையை அளக்கும் கருவியான மெகரில் கோளாறு இல்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு. மெகர் வைண்டிங் முழுவதற்கும் மோட்டார் உடலுக்கும் இடையே நேர்மின்னழுத்தம் கொடுத்து, ஸ்லாட் தாளைத்தான் சோதிக்கிறது. ஒரு காயிலின் எல்லாச் சுற்றுகளும் அப்போது ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையிலுள்ள எனாமல் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. பழுது பெரும்பாலும் தொடங்குவதோ அந்த எனாமலில்.

அதற்காக மெகரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஈரத்தையும் அழுக்கையும் காட்டுவதில் அது சிறந்த கருவி. மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ-யின் 43-ஆம் நெறிமுறை, 1000 வோல்ட்டுக்குக் கீழான சாதாரண வைண்டிங்குக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகா ஓம் கேட்கிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் காப்புத்தடை ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், சூடான மோட்டாரின் எண்ணையும் குளிர்ந்த மோட்டாரின் எண்ணையும் திருத்தாமல் ஒப்பிடுவது வீண். பத்தாவது நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுக்கும் முனைவாக்கக் குறியீடு பெரிய மோட்டார்களுக்கு நன்கு பயன்படுகிறது. பி வகுப்பு முதல் மேலே 2-க்குக் குறையக் கூடாது. முதல் நிமிடத்திலேயே 5000 மெகா ஓமைத் தாண்டினால் அந்த விகிதத்துக்குப் பொருளில்லை என்று அதே நெறிமுறை சொல்கிறது.

5. நூற்றுக்கணக்கான சுற்றுகளில் ஒன்றே ஒன்று ஷார்ட் ஆனால் என்ன ஆகிவிடும்?

இந்த ஒரு கேள்விக்கு எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டால் மீதிப் பக்கத்தில் பாதி தானாக விளங்கிவிடும். பேஸுக்கு 230 வோல்ட், தொடரில் 180 சுற்றுகள், பேஸ் மின்தடை 2.7 ஓம், முழுச்சுமை 5 ஆம்பியர் என்று ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் தூண்டப்படுவது 1.28 வோல்ட், அதன் மின்தடை 0.015 ஓம். அந்தச் சுற்று தன்மேல் தானே மூடிக்கொண்டால், கசிவு மறிப்பை (பிற சுற்றுகளோடு இணையாத காந்தப்புலம் மின்னோட்டத்துக்குத் தரும் எதிர்ப்பை) விட்டுவிட்டுப் பார்க்கையில், அதற்குள் 85 ஆம்பியர் சுழலும். வழக்கமாக 0.4 வாட்டுக்கும் குறைவாகச் சூடாகும் கம்பியில் இப்போது 109 வாட் எரிகிறது, அதாவது 290 மடங்கு. உண்மையில் கசிவு மறிப்பு இதைச் சற்றுக் குறைக்கும். ஆனால் பக்கத்துக் கம்பியின் எனாமலைக் கருக்க அந்தக் குறைந்த அளவே போதும்.

இனி வெளியிலிருந்து பாருங்கள். அந்தச் சுற்று, ஒரே ஒரு சுற்றுள்ள டிரான்ஸ்பார்மர் இரண்டாம் சுருள் போல நடந்துகொள்வதால், 85 ஆம்பியர் பேஸ் பக்கத்தில் 180-ஆல் வகுபட்டுத் தெரிகிறது: அதிகபட்சம் அரை ஆம்பியர். ஐந்து ஆம்பியர் ஐந்தரையைத் தொடாது. ஓவர்லோட் ரிலேயோ, வரையறைப்படி 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும், 1.2 மடங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். உள்ளே 85 ஆம்பியர் சுழல்வது அதற்குத் தெரிய வழியே இல்லை.

6. மூன்று பேஸின் மின்தடையையும் துல்லியமாக அளந்தால் கண்டுபிடித்துவிடலாமே?

முந்தைய மோட்டாரில் 180-இல் ஒரு சுற்று குறைந்தால் மின்தடை 0.56 சதவீதம் குறையும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறுகிறது. எனவே ஒன்றரை டிகிரி வெப்பநிலை வேறுபாடே இந்த அடையாளத்தை மூடிவிடும். மூன்று பேஸையும் ஒரே வேளையில், நான்கு முனை இணைப்பில் அளந்து தங்களுக்குள் ஒப்பிட்டால் வெப்பநிலைப் பிழை பெரும்பாலும் நீங்கும். அப்போதும் கையால் சுற்றிய வைண்டிங்கில் பேஸுக்குப் பேஸ் ஒரு சதவீத வேறுபாடு இயல்பாகவே இருக்கக்கூடும். எரிந்து ஒட்டிய பல சுற்றுகளையும், தளர்ந்த இணைப்பையும் இந்த அளவு காட்டும். தொடக்க நிலைப் பழுதை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

7. அப்படியானால் எனாமலை எந்தச் சோதனை பார்க்கிறது? சர்ஜ் டெஸ்ட் மோட்டாரைக் கெடுத்துவிடும் என்றும் சொல்கிறார்களே?

சர்ஜ் டெஸ்ட்தான் பார்க்கிறது. ஒரு மின்தேக்கியைச் சட்டென்று வைண்டிங்குக்குள் கொட்டினால், அந்தக் கூர்மையான எழுச்சி முதல் சில சுற்றுகளுக்கிடையே பெரிய மின்னழுத்த வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. தொடர்ந்து அலை அதிர்ந்து அடங்குகிறது. எங்காவது எனாமல் விட்டுக்கொடுத்தால் தூண்டல்திறன் குறைந்து, அலையின் அதிர்வெண் திடீரென இடம்பெயரும்.

இதற்கு உயர் மின்னழுத்தம் ஏன் வேண்டும்? காற்றில் எவ்வளவு சிறிய இடைவெளியானாலும் ஏறத்தாழ 327 வோல்ட்டுக்குக் கீழே தீப்பொறி பாயாது என்பது பாஷன் விதியின் விளைவு. சுற்றுக்கு 1.28 வோல்ட் மட்டுமே இருக்கும் மோட்டாரில், எனாமல் உரிந்து நிற்கும் இரு கம்பிகள் தொட்டுக்கொள்ளாதவரை ஓட்டத்தில் எந்த அறிகுறியும் தராது. பட்டறைகளில் மின்னழுத்தத்தை இரட்டித்து 1000 கூட்டும் வழக்கம் உண்டு. 400 வோல்ட் மோட்டாருக்கு 1800 வோல்ட். நல்ல காப்பை இந்த அளவு கெடுப்பதில்லை. ஏற்கெனவே முடிவை நெருங்கிய காப்பு மேசையிலேயே விழக்கூடும் என்பது உண்மை. மாற்று மோட்டார் கையில் இல்லாத நாளில் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

8. வைண்டிங் கெடுவதற்கு ஒரு கணித மாதிரி அமைக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் எதை மாதிரியாக்கப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள், ஏனெனில் காப்பு கெடுவதும் வைண்டிங் பழுதாவதும் இரண்டு வேறு நிகழ்வுகள். முன்னது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேதியியல். அதற்கு மூன்றாம் விடையின் ஆயுள் சமன்பாடு, அதனுடன் மின்னழுத்தத்தின் அடுக்குக்கு ஏற்ப ஆயுள் குறையும் விதி. பின்னது நிமிடக்கணக்கில் நடக்கும் மின்சுற்று. இரண்டையும் ஒரே மாதிரிக்குள் அடைக்க முயன்று குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்சுற்று மாதிரியில், பழுதான பேஸை இரண்டு துண்டாகப் பிரிப்பது வழக்கம். மொத்தச் சுற்றுகளில் ஷார்ட்டான பங்கை மியூ என்று கொண்டால், நலமான துண்டு ஒன்றில் மியூ போக மீதி. இரண்டும் சேரும் இடத்திலிருந்து பழுதுத் தடை ஒன்றை இணைத்து, அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கூடுதல் மாறியாகச் சேர்க்கிறோம். ஷார்ட்டான துண்டின் மின்தடை மியூவுக்கும், பிற சுருள்களோடு அதன் பரிமாற்றத் தூண்டல் மியூவுக்கும், காந்தமாக்கும் தன்தூண்டல் மியூவின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் மாறும். கசிவுத் தூண்டலில்தான் சிக்கல்: அந்தச் சுற்றுகள் எந்த ஸ்லாட்டில், எந்த ஆழத்தில் கிடக்கின்றன என்பதைப் பொறுத்து அது மாறுவதால், எந்த எளிய விதியும் ஊகம்தான். தல்லம், ஹபெட்லர், ஹார்லி ஆகியோர் 2002-இல் வெளியிட்ட மாதிரி இந்த வழியில் தொடங்குவோருக்கு நல்ல அடித்தளம். காயில்களின் இடஅமைப்பு முக்கியமானால் வைண்டிங் ஃபங்ஷன் முறைக்கும், இரும்பின் நிறைவுநிலை முக்கியமானால் மோட்டாரைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடும் வரம்புறு கூறு முறைக்கும் போக வேண்டும்.

பழுதுத் தடையை எப்படி மாற்றுவது என்பதையும் கேட்பார்கள். ஐந்தாம் விடையின் மோட்டாரில் அந்தத் தடை 1 ஓமாக இருக்கும்போது ஓடுவது வெறும் 1.3 ஆம்பியர், 0.1 ஓமில் 11 ஆம்பியர். தொடும் புள்ளியில் மிகுந்த சூடு எழுவது, பழுதுத் தடை சுற்றின் தடைக்குச் சமமாக, அதாவது 0.015 ஓமாக இருக்கும்போது: ஊசிமுனை அளவு இடத்தில் 27 வாட். பற்றவைத்தது போன்ற முழு ஷார்ட்டை விட அரைகுறைத் தொடுதல் அந்தப் புள்ளியை அதிகம் சுடுகிறது. தடையை நேராகச் சுழியத்தில் வைத்துத் தொடங்கும் மாதிரிகள் இந்தக் கட்டத்தைத் தவறவிடுகின்றன.

9. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னோட்டத்தின் அலைவரிசையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். சுற்றுப் பழுதுக்கென்று கூறப்படும் அதிர்வெண்கள், ரோட்டாரின் சுழற்சி அதிர்வெண்ணின் மடங்குகளை மின்வழங்கல் அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளோடு கூட்டியும் கழித்தும் கிடைப்பவை. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் நான்கு துருவ மோட்டாரில் ரோட்டார் அதிர்வெண் 24 ஹெர்ட்ஸ். ஆகவே 26, 74 ஹெர்ட்ஸ்களில் கோடுகள் எழும். ரோட்டார் மையம் விலகினாலும் சுமை சமநிலையின்றிச் சுழன்றாலும் அதே 26, 74-இல்தான் கோடுகள் எழும் என்பதுதான் தொல்லை. இந்தக் கோடுகளை மட்டும் வைத்து ஒரு மோட்டாரைக் கழற்றச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

10. மின்னோட்டம் மூன்று பேஸிலும் சமமாக இல்லை. வைண்டிங் போய்விட்டதா?

மின்வழங்கலை முதலில் சந்தேகியுங்கள். சமமில்லாத மின்னோட்டத்தில் நெகட்டிவ் சீக்வன்ஸ் எனப்படும் எதிர்வரிசைக் கூறு ஒன்று ஒளிந்திருக்கிறது. அது எதிர்த்திசையில் சுழலும் காந்தப்புலம் என்பதால், ஓடும் ரோட்டாரும் அதற்கு நின்றுபோன ரோட்டார் போலவே தோன்றுகிறது. அதற்குக் கிடைக்கும் மறிப்பும் ஸ்டார்ட் செய்யும் வேளையின் சிறிய மறிப்புதான். ஸ்டார்ட்டிங் மின்னோட்டம் 6 மடங்கு உள்ள மோட்டாரில் மின்னழுத்தம் ஒரு சதவீதம் சமம் தவறினால் மின்னோட்டம் ஏறத்தாழ 6 சதவீதம் தவறும். ஐந்தாம் விடையில் பார்த்த ஒரு சுற்றுப் பழுது உண்டாக்கும் மாற்றமும் இதே அளவுதான்! இந்தத் துறையின் சிரமம் முழுவதும் இந்த ஒற்றுமையில் அடங்கியிருக்கிறது.

எனவே நல்ல கண்காணிப்பு முறைகள் எல்லாம் கழித்தலையே செய்கின்றன. மின்னழுத்தத்தையும் சேர்த்தளந்து மின்வழங்கல் தந்த பங்கைக் கழிக்கின்றன. மோட்டார் நலமாக இருந்தபோது வெவ்வேறு சுமைகளில் பதிந்த அதன் இயல்பான ஏற்றத்தாழ்வைக் கழிக்கின்றன. எஞ்சுவதைத்தான் பழுது என்கின்றன. மூன்று மின்னோட்டங்களையும் ஒரே சுழலும் புள்ளியாக வரையும் பார்க் வெக்டர் முறையில் வட்டம் நீள்வட்டமாவதைப் பார்ப்பதும் இதே செய்தியை வேறு உருவில் படிப்பதே.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து உறுதிசெய்தபின், மோட்டாரின் மூன்று இணைப்புகளையும் ஒரே திசையில் ஒவ்வோர் இடம் நகர்த்துங்கள்; சுழலும் திசை மாறாது. மிகுதியான மின்னோட்டம் அதே வழங்கல் கம்பியில் நின்றால் குறை மின்வழங்கலில். மோட்டார் முனையோடு சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டாரில்.

11. விஎஃப்டி போட்ட பிறகுதான் வைண்டிங் அடிக்கடி போகிறது. தொடர்பு உண்டா?

இருக்கலாம். விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ், தருவது சைன் அலை அன்று. மிக வேகமாக எழும் துடிப்புகளின் தொடர். எழும் நேரம் 0.1 மைக்ரோ விநாடி என்ற அளவில் இருக்கும்போது, நீண்ட கேபிளின் முனையில் அலை எதிரொலித்து மோட்டார் முனையில் மின்னழுத்தத்தை ஏறத்தாழ இரட்டிக்கும். அதில் பெரும்பகுதி முதல் காயிலின் முதல் சில சுற்றுகளிலேயே விழும். ஏழாம் விடையின் 327 வோல்ட் எல்லை இப்போது ஒவ்வொரு துடிப்பிலும் தாண்டப்படக் கூடும். அதனால் எழும் பகுதி மின்னிறக்கம் (காப்பை முழுதாகத் துளைக்காத சிறு தீப்பொறிகள்) சாதாரண எனாமலை விரைவாக அரிக்கும். அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நெமாவின் விதிகள் இன்வெர்ட்டருக்கென்று செய்யப்படும் 600 வோல்ட் வரையான மோட்டார்களுக்கு 1600 வோல்ட் உச்சம் தாங்கும் காப்பைக் கோருவது இதனால்தான். கேபிளைக் குறுக்குவதும், வெளியீட்டில் வடிகட்டி வைப்பதும் பயன் தரும்.

கண்டறிதலிலும் ஒரு மாற்றம் உண்டு. மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரைவ், மூன்று பேஸையும் சமமாக்கப் பாடுபடும். எனவே பழுதின் அடையாளம் மின்னோட்டத்திலிருந்து மறைந்து, டிரைவ் கட்டளையிடும் மின்னழுத்தத்தில் போய் உட்காரும்.

12. 3.3 கிலோவோல்ட், 6.6 கிலோவோல்ட் மோட்டார்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அடிப்படை ஒன்றே, பொருள் வேறு. அங்கே காயில்கள் முன்கூட்டியே வடிவமைக்கப்பட்டு மைக்கா காப்பில் பொதியப்படுகின்றன. மைக்கா பகுதி மின்னிறக்கத்தைப் பல ஆண்டுகள் தாங்குவதால், அந்த மின்னிறக்கத்தை இணைப்பு மின்தேக்கிகள் வழியாக ஓடும்போதே அளந்து, கெடுதலின் போக்கை முன்கூட்டியே காண முடிகிறது. காப்புக்குள் வீணாகும் ஆற்றலைக் காட்டும் டான் டெல்டா அளவும் இங்கே பயனுள்ளது. குறைந்த மின்னழுத்த மோட்டாருக்கு இத்தகைய நீண்ட முன்னறிவிப்பு வாய்ப்பதில்லை.

13. எரிந்துபோன வைண்டிங்கைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், அவசரப்பட்டு வெட்டி எறியாமல் இருந்தால். மூன்று பேஸும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அதிகச் சுமை அல்லது குளிர்விப்புக் குறை. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதிதுபோல் இருந்தால் சிங்கிள் பேசிங், அதாவது மின்வழங்கலின் ஒரு பேஸ் அறுந்துபோனது. டெல்டாவில் அதே நிகழ்வு ஒரு பேஸை மட்டும் கருக்கும். மற்ற இடமெல்லாம் தூய்மையாக இருந்து, மின்வழங்கல் பக்கத்து முதல் காயிலில் மட்டும் சிறு குழி இருந்தால் மின்னழுத்த எழுச்சியை நினைக்க வேண்டும்.

14. இயந்திரக் கற்றலில் 99 சதவீதத் துல்லியம் வந்திருக்கிறது. பிறகு ஏன் இவ்வளவு கவலை?

அந்த 99 எந்தத் தரவில் வந்தது என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஒரே மோட்டாரின் காயில்களிலிருந்து முனைகளை வெளியே எடுத்து, தடை ஒன்றின் வழியே ஷார்ட் செய்து பதிந்த தரவாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஒரே பதிவைத் துண்டுகளாக்கிப் பாதியில் பயிற்றுவித்துப் பாதியில் சோதித்தால் நிரல் கற்றுக்கொள்வது அந்த மோட்டாரைத்தான், பழுதை அன்று. வேறொரு மோட்டாரில், வேறொரு சுமையில், பத்தாம் விடையில் சொன்ன ஒரு சதவீத மின்னழுத்தச் சமனின்மையோடு சோதித்து வந்த எண்ணையே நான் கேட்பேன். எட்டாம் விடையின் மாதிரியிலிருந்து பழுதுத் தரவை உருவாக்கி, மெய்யான நலமான தரவோடு கலந்து பயிற்றுவிப்பது ஓரளவு நேர்மையான வழி.

15. எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. இந்த வேலை முடியும்வரை ஓட்டலாமா?

எந்த மணி என்பதைப் பொறுத்தது. காப்புத்தடை மாதாமாதம் இறங்குகிறது என்ற எச்சரிக்கையானால், ஈரமா அழுக்கா என்று பார்த்து, சுத்தம் செய்து உலர்த்தித் திரும்ப அளக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. கழித்தலுக்குப் பிறகு எஞ்சும் எதிர்வரிசைக் கூறு திடீரென எழுந்து, மின்வழங்கல் மாறாமலேயே அங்கேயே நின்றால், அது சுற்று ஷார்ட்டாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. அதிலிருந்து ஸ்லாட் தாள் துளைபட்டு எர்த் ஆகும்வரை விநாடிகளோ நிமிடங்களோதான் இருக்கும். உடனே நிறுத்தினால் வைண்டிங்கை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். எர்த் ஆகும்வரை ஓடினால் ஸ்லாட்டின் இரும்புத் தகடுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த உள்ளகத்தில் புது வைண்டிங் போட்டாலும் அதே இடம் மீண்டும் சூடாகும்.